பழுதா, பிணக்கா?

ஒரு பொருள் தன் தொழிலைச் செய்யாதொழியின், "அது பழுது" என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிடுதல் நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. மணிக்கூடு நின்றால் பழுது. வானொலி இரைந்தால் பழுது. கணினி இணங்காவிடின் அதுவும் பழுது. ஆயின் பழுது வேறு, பிணக்கு வேறு. குற்றமற்ற இரு பொருள்கள் ஒரே இடத்துக்கு உரிமை கோருமிடத்து, இரண்டுமே செயலிழந்து நிற்பதுண்டு. அவற்றுள் எதனைக் கழித்தெறிந்தாலும் நட்டம் நமக்கேயாம். இவ்வுண்மையை எமக்கு விளக்கிக் காட்டியது வலையமைப்பு அட்டை என்னும் சிறு பொருள்.

ஒரு கணினியை மற்றொன்றோடு இணைத்துச் செய்தி பரிமாறச் செய்வது இவ்வட்டை. இன்று அது பெரும்பாலும் கணினியின் தாய்ப்பலகையோடு ஒன்றிவிட்டது. முன்னாளிலோ தனியே வாங்கிச் செருகவேண்டியிருந்தது. செருகியவுடன் அது இயங்கிவிடும் என்பதற்கு உறுதியில்லை. காரணத்தை ஓர் உவமையாற் கூறுவோம்.

பெரியதோர் ஆஸ்பத்திரி வாட்டில் ஒரேயொரு தாதி கடமையில் இருக்கின்றாள். கட்டில்தோறும் ஒரு மணிக்கயிறு உண்டு. எந்த இலக்கத்து மணி ஒலிக்கின்றதோ அந்தக் கட்டிலை நாடி அவள் செல்வாள். இரு கட்டில்களுக்கு ஒரே மணியைப் பூட்டிவிட்டால் யாது நிகழும்? மணி ஒலிக்கும்போதெல்லாம் அவள் தான் அறிந்த கட்டிலுக்கே செல்வாள். மற்றைய நோயாளி கேட்பாரற்றுக் கிடப்பான். கணினியில் தாதியின் தொழிலைச் செய்வது செயலி; மணியின் இலக்கமே குறுக்கீட்டு இலக்கம். ஐ.ஆர்.கியூ. என்று வழங்குவதும் இதுவே.

ஐ.பீ.எம். நிறுவனத்தார் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட தனியாள் கணினியில் இத்தகைய இலக்கங்கள் 8 மட்டுமே இருந்தன. 1984இல் வந்த ஏ.ரீ. கணினியில் அவை 15 ஆயின. அவற்றுள்ளும் பல முன்னரே ஒதுக்கப்பட்டவை. 0 நேரங்காட்டிக்கு, 1 விசைப்பலகைக்கு, 6 நெகிழ்வட்டுக்கு, 14 வன்தட்டுக்கு. மூன்றாம் இலக்கம் இரண்டாம் தொடர்வாயிலுக்கு உரியது. நொவெல் நிறுவனத்தாரின் என்.ஈ. 2000 என்னும் வலையமைப்பு அட்டையும், அதனைப் பின்பற்றி எழுந்த எண்ணற்ற மலிவான அட்டைகளும் பெரும்பாலும் அந்த மூன்றாம் இலக்கத்திலேயே அமைக்கப்பட்டு வந்தன. அக்காலத்து ஐசா என்னும் செருகுவாயில்களில் ஓர் இலக்கத்தை இருவர் பகிர்ந்து கொள்ளல் இயலாது. ஓர் உறையுள் இரு வாள்!

நிற்க. 2004ஆம் ஆண்டில், நாம் ஆசிரியப் பணியிற் புகுந்த புதிதில், அலுவலகம் ஒன்று கழித்த பழைய கணினிகள் 10 எமது கல்லூரிக்குக் கிடைத்தன. வகுப்பில் மாணாக்கர் 40 பேர். கணினி ஒன்றுக்கு நால்வர். எல்லாவற்றையும் வலையமைப்பில் இணைத்தபோது ஏழு இணங்கின, மூன்று இணங்கவில்லை. பார்வையிட வந்த தொழினுட்பர் ஒருவர், "மூன்று அட்டைகளும் பழுது; எறிந்துவிடுங்கள்" என்று கூறிச் சென்றார். அத்தகைய அட்டைகள் கடைகளில் அருகிவிட்ட காலம் அது. ஏழு கணினிகளே எஞ்சின், ஒன்றுக்கு ஆறு பேர் வரை முட்டிமோத நேரிடும்.

அவ்வேளை, பின்வாங்கில் இருந்து அதிகம் வாய்திறவாத மாணவன் ஒருவன், "சேர், பழுதென்று எப்படித் தெரியும்?" என்று வினவினான். கணக்கில் மிகப் பின்தங்கியவன் என்று பலராலும் ஒதுக்கப்பட்டவன் அவன். வினாவோ நூறு மதிப்பெண் பெறத்தக்கது.

"பழுது" எனப்பட்ட அட்டையை இணங்கிய கணினியொன்றிற் செருகினோம். அது செவ்வனே இயங்கியது. அங்கிருந்த நல்ல அட்டையை இணங்காத கணினியிற் செருகினோம், அது வாளாவிருந்தது. எனவே குற்றம் அட்டையில் இல்லை. அமர்ந்த இடத்தில் இருந்தது. மூன்று கணினிகளிலும், ஏனைய ஏழில் இல்லாத பொருள் யாது என்று மாணவன் கொப்பியிற் குறித்து வந்தான். தொலைபேசி வழி இணைக்கும் மொடெம் அட்டை அம்மூன்றில் மாத்திரமே இருந்தது. இரண்டாம் தொடர்வாயிலாக அமைந்த அதுவும் மூன்றாம் இலக்கத்தையே பற்றியிருந்தது.

அட்டையின் மீதிருந்த ஜம்பர் என்னும் சிறு இணைப்பை மாற்றிப் பத்தாம் இலக்கம் கொடுத்து, அதனை விண்டோஸ் 98இலும் பதிந்தோம். இரண்டு கணினிகள் உடனே இணங்கின. மூன்றாவதில் வேறோர் அட்டைக்குப் பத்தாம் இலக்கத்தைக் கணினி தானாகவே வழங்கியிருந்தது. பயோஸ் அமைப்பில் அவ்விலக்கத்தை ஐசா அட்டைக்கென ஒதுக்கிவைத்ததும் அதுவும் வழிக்கு வந்தது. ஒரு சதமேனும் செலவாகவில்லை.

இன்று இத்தகைய பிணக்குகள் அருகிவிட்டன. 1992இல் தோன்றிய பீ.சீ.ஐ. முறை ஓர் இலக்கத்தைப் பலர் பகிர வழிசெய்தது. 1995இல் வந்த விண்டோஸ் 95, செருகிய பொருளுக்குத் தானே இடந்தேடிக் கொடுக்க முற்பட்டது. எனினும் பிணக்கு வேறு வடிவில் நம் வீடுகளிலும் புகுந்துள்ளது. அச்சுப்பொறிக்கு 192.168.1.5 என்னும் முகவரியை நாமே நிலையாகக் கொடுத்திருப்போம். ரவுட்டர் அதே முகவரியை மகளின் கைத்தொலைபேசிக்கும் வழங்கிவிடும். பின்னர் அச்சுப்பொறி சிலவேளை இயங்கும், சிலவேளை இயங்காது. "பழுது" என்று புதியதொன்றை வாங்க விரைவார் பலர். ரவுட்டர் தானாகப் பகிரும் எல்லைக்குப் புறத்தேயுள்ள முகவரி ஒன்றை அச்சுப்பொறிக்குக் கொடுத்தலே தக்க மருந்து.

மாணவர் மனத்திற் கொள்ளவேண்டியவை மூன்று. ஒரே வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுக. மாற்றியதை எழுதி வைக்குக. ஐயுற்ற பொருளை இடம் மாற்றிச் சோதியாமல் அதன்மேற் குற்றஞ் சுமத்தற்க.

இம்மூன்றாவது விதியைக் கணினிகளோடு நிறுத்திவிட எமக்கு மனமில்லை. "இந்தப் பிள்ளை எதற்கும் உதவான்" என்று எவரேனும் கூறக் கேட்கும்போது, "எந்த வாங்கில் இருத்திப் பார்த்தீர்கள்?" என்று வினவுவதை நாம் வழக்கமாகக் கொண்டுள்ளோம். பெற்றோரும் தம் பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கையைக் கையில் எடுக்கும் பொழுது, இவ்வினாவை ஒருமுறை தம்மையே கேட்டுக்கொள்வார்களாக.