ஒரு மணி நேரத் தொலைவு

நெல்லித்தோப்பில் எங்கள் இல்லத்துக் கூடத்தில் இருப்பது ஒரே ஒரு சுவர்க்கடிகாரம். ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு குளிர்கால நாளில், அதைப் பார்த்து நாங்கள் மூன்று நேரங்களைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தோம். பாரிசு நமக்கு நான்கரை மணி பின்னால். இலண்டன் ஐந்தரை மணி பின்னால். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற என் அண்ணன் பாரிசு மருத்துவமனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். அவருடைய ஒரே மகன் பணியின் நிமித்தம் இலண்டனில் இருந்தான்.

“விமானத்தில் ஒரு மணி நேரந்தானே தம்பி? பிள்ளை வந்துவிடுவான்” என்றார் என் தாயார், தஸ்பீஹ் மணிகளை உருட்டியபடியே.

அவர் சொன்னதில் பிழையில்லை. இலண்டன் ஹீத்ரோ நிலையத்திற்கும் பாரிசு சார்லஸ் டி கோல் நிலையத்திற்கும் வான்வழித் தொலைவு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். புதுவைக்கும் கோயம்புத்தூருக்கும் நேர்கோடு இழுத்தாலும் ஏறக்குறைய அவ்வளவே. வானில் பறப்பது ஒரு மணி நேர அளவுதான். 1994இல் கடலடிச் சுரங்கம் திறந்தபின் ஓடும் தொடர்வண்டியும் இரண்டேகால் மணியளவில் சேர்த்துவிடும். அன்று அதில் இடம் கிடைக்கவில்லை.

செய்தி எட்டியபோது இலண்டனில் காலை மணி 10. பயணச்சீட்டு, விமான நிலையம் வரையிலான பாதை, சோதனை, காத்திருப்பு எனப் பொழுது கரைந்தது. பிற்பகல் 2 மணிக்கு விமானம் புறப்பட்டது. பாரிசில் இறங்கியதும் கடவுச்சீட்டு வரிசை; அதன்பின் நகரத்து நெரிசல். மருத்துவமனை வாயிலை மிதித்தபோது பாரிசு நேரம் மாலை 6. ஒரு மணி நேரப் பயணத்திற்கு ஏழு மணி நேரம் சென்றிருந்தது. அண்ணன் 5 மணிக்கே இறைவனடி சேர்ந்திருந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

வானூர்திக் காலக் கணக்கு விந்தையானது. பாரிசில் 10 மணிக்குப் புறப்பட்டால் இலண்டன் கடிகாரத்தில் 10.15க்கு இறங்கலாம். திரும்பும்போது அதே பயணம் இரண்டேகால் மணியாகத் தோன்றும். நம் முன்னோர் புதுவையிலிருந்து மார்செய் துறைமுகத்திற்குக் கப்பலில் வாரக்கணக்கில் சென்றனர். அவர்களை வழியனுப்பியவர்கள் அத்தொலைவை அறிந்தே வழியனுப்பினர். நாமோ நெருங்கி இருப்பதாக எண்ணி அயர்ந்துவிடுகிறோம்.

மார்க்கச் சட்ட மேதைகள் பயணத்தை நடையால் அளந்தனர். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு நாள் நடைத் தொலைவு, ஹனஃபி மத்ஹபில் மூன்று நாள் நடைத் தொலைவு செல்பவர் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். அத்தொலைவை ஒரு மணியில் பறந்து கடப்பவருக்கும் இச்சலுகை உண்டு. எவ்வளவு விரைந்து சென்றாலும் அவர் பயணியே. இதன் உட்பொருளை அன்றிரவுதான் உணர்ந்தேன்.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்களும் கடல் கடந்து செல்லக்கூடும். பெற்றோர் எவ்வளவு தொலைவில் உள்ளனர் என்பதை விமான அட்டவணையைக் கொண்டு அளவிடாதீர்கள். நீங்கள் இருக்கும் வாசலிலிருந்து அவர்கள் இருக்கும் வாசல்வரை அளந்து பாருங்கள். அழைப்பு வருமுன்பே ஒருமுறை சென்று வாருங்கள்.

என் தாயார் இன்றும் அந்தக் கடிகாரத்தில் நான்கரை மணியைக் கழித்துப் பார்க்கிறார். வல்ல இறைவன் அண்ணனின் மறுமையை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.