தெற்கு நோக்கி ஒரு நிமிடம்

சேலம் மாவட்டத்தில், மேட்டூருக்கு அருகே தறியோசை கேட்கும் ஊர் ஜலகண்டாபுரம். அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் சிங்கப்பூரில் உள்ள மகன் இல்லத்துக்குச் சென்றிருந்தபோது பிப்ரவரி 15 வந்தது. 1942-இல் அதே நாளில்தான் பிரிட்டிஷ் படை அங்கே ஜப்பானியரிடம் சரணடைந்தது. அந்நாளைச் சிங்கப்பூர் மக்கள் 'முழுமைத் தற்காப்பு நாள்' என நினைவுகூர்கின்றனர்.

பெரியவருக்கு அது குடும்பத் துயரமும்கூட. பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூர் போன பெரியப்பா திரும்பவே இல்லை. 'என் பிள்ளை வருவான்' என்று பாட்டி கண்மூடும் வரை காத்திருந்தார். ஆகவே திதி கொடுக்க எவரும் துணியவில்லை. பின்னர் அது விட்டே போயிற்று.

காலையில் சிராங்கூன் சாலையிலுள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்தில் தரிசனம். ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்த நாட்களில் மக்கள் பலர் அன்னையின் சந்நிதியில்தான் தஞ்சம் புகுந்தனர். ஆலயத்துக்கும் திருவுருவங்களுக்கும் சேதம் ஏதும் நேரவில்லை.

பிற்பகலில் பேரனுடன் கிராஞ்சி போர் நினைவிடம் சென்றார். பசும்புல் மேட்டில் வரிசை வரிசையாக வெண்கற்கள். உச்சியில் உள்ள சுவர்களில், கல்லறை காணாத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள். பேரன் படிக்கப் படிக்க, பெரியப்பாவின் பெயர் பல இடங்களில் வந்தது.

"இதுல நம்ம தாத்தா யாரு?"

"எந்தப் படைப்பிரிவுன்னு தெரியலையே, கண்ணு."

பின்புறம் தனியே ஒரு நினைவுச் சின்னம். தத்தம் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கானது; அவர்களுள் பெரும்பாலோர் இந்தியப் படையினர். கடல் கடந்த மண்ணிலும் அவரவர் முறை மதிக்கப்பட்டிருப்பதைக் கண்டு பெரியவர் கைகூப்பினார்.

மாலை 6.20. சரணாகதியை நினைவுகூரும் அந்த வேளையில் நகரெங்கும் அபாயச் சங்கு ஒரு நிமிடம் ஒலித்தது. வீட்டில் இருந்த பெரியவர் எழுந்து, பித்ருக்களின் திசையான தெற்கு நோக்கி நின்றார். பேரனும் அருகே வந்து நின்றான்.

மறைந்த நாள் அறியாதவர்க்கு மகாளய அமாவாசையில் தர்ப்பணம் செய்யலாம் என்பது பெரியோர் வழக்கு. அவ்வாண்டு மகாளய அமாவாசையன்று, பவானி கூடுதுறையில் பெரியப்பாவின் பெயர் சொல்லி எள்ளும் நீரும் இறைத்தார் அவர். முன்னோருள் பெயர் மட்டுமே எஞ்சியவர் எவரேனும் நம் இல்லங்களிலும் இருக்கக்கூடும். அவர்களுக்கும் ஒரு கை நீர் நாம் தரவேண்டிய கடன்.