கூரையின் மேல் முப்பது கிலோ

வண்டியின் தலையில் சுமை ஏற்றுவது நமக்குப் புதிதன்று. பேருந்தின் பின்புற ஏணியில் ஏறி வாழைத்தாரையும் கோழிக் கூடையையும் மேலே போட்டுவிட்டு வந்து அமர்ந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அம்பாசிடர் காரின் கேரியரில் சீர்வரிசைப் பாத்திரங்களும் மெத்தையும் ஏறாத கல்யாணம் ஒருகாலத்தில் இல்லை. அந்தக் கேரியருக்கு அழகு இருந்ததாக எவரும் சொன்னதில்லை. அது தேவைக்கு இருந்தது, அவ்வளவே.

இன்று மலைப்பாதைக்கென்று செய்யப்படும் நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு அதே பொருள் ‘ரூஃப் ரேக்’ என்ற பெயரில் விற்கப்படுகிறது. கறுப்பு வண்ணம், முன்பக்கம் விளக்கு வரிசை, பக்கவாட்டில் மண்வெட்டி மாட்டக் கொக்கி. பார்ப்பதற்குப் பாலைவனம் கடந்து வந்த தோற்றம். வாங்குகிறவர்களில் பலர் அதில் எதையும் ஏற்றுவதில்லை என்று கடைக்காரரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

எங்களுக்கு ஏற்ற வேண்டியிருந்தது. வீட்டுப் பெரியவர், எங்களில் ஒருவருக்கு அப்பா, மற்றவருக்கு மாமா, வால்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருக்கிறார். ஒருமுறை அந்தத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆழியாறிலிருந்து மேலேறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் நல்ல சாலைதான். அதன்பின் தொழிற்சாலையைத் தாண்டி லைன் வீடுகள் வரை செல்லும் கல்பாவிய பாதைக்குத்தான் எங்கள் ஐந்து கதவு ஜிம்னி தேவைப்பட்டது. பின்னிருக்கையில் பெரியவரும் வீட்டு அம்மாவும் அமர்ந்துவிட்டால் பின்னால் எஞ்சுவது 208 லிட்டர் இடம். மடித்த நாற்காலி ஒன்றே அதை நிரப்பிவிடும். நான்கு பேருடைய துணிமணிக்கும் போர்வைக்கும் இடமில்லை. ஆகவே கேரியர்.

தேர்வு என்றதும் நாங்கள் முதலில் பார்த்தது உருவத்தை அல்ல, ஓர் எண்ணை. ஒவ்வொரு வண்டியின் கூரைக்கும் தயாரிப்பாளர் ஓர் எடை வரம்பு வகுத்திருக்கிறார். இதே வண்டியின் மூன்று கதவு வடிவத்துக்கு அது 30 கிலோ. அதையே எங்கள் எல்லையாகவும் கொண்டோம். கேரியரின் சொந்த எடையும் இந்த முப்பதுக்குள்தான் அடங்கும் என்பதைக் கடைகளில் யாரும் சொல்வதில்லை. முதல் கடையில் எங்களுக்குக் காட்டிய இரும்புக் கூடையை நிறுத்துப் பார்க்கச் சொன்னோம். 28 கிலோ. அதாவது, அதை மாட்டிய பிறகு இரண்டு கிலோவுக்குமேல் எதுவும் வைக்கலாகாது.

நின்றுகொண்டிருக்கும் வண்டியின் கூரை இதைவிடப் பலமடங்கு தாங்கும். கூரைமேல் கூடாரம் விரித்து இருவர் உறங்குவது அதனால்தான் இயலுகிறது. ஓடும்போது கதை வேறு. பள்ளத்தில் சக்கரம் இறங்கி எழும் ஒவ்வொரு முறையும் மேலுள்ள சுமை தன் எடையைவிட அதிகமான விசையோடு கூரையை அழுத்துகிறது. பிரேக் பிடித்தால் முன்னோக்கி இழுக்கிறது. கரடுமுரடான பாதையின் ஓயாத அதிர்வு பற்றவைத்த மூட்டுகளில் மெல்ல விரிசல் விடுகிறது. இவை எல்லாவற்றையும்விட அஞ்சத்தக்கது பக்கச் சரிவு. உயரத்தில் ஏற்றிய எடை வண்டியின் ஈர்ப்பு மையத்தை மேலே தூக்குகிறது. குறுகலான, உயரமான வண்டி ஒருபுறம் சாய்ந்து ஊர்ந்து செல்லும்போது, தரையில் பொருட்படுத்தத் தகாத இருபது கிலோ அங்கே கவிழ்ப்பவற்றின் கட்சியில் சேர்ந்துவிடும். காற்றும் சும்மா இருப்பதில்லை. அதன் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், 80 கிலோமீட்டர் வேகத்தில் உள்ள தடை 100-இல் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. அதைப் பெட்ரோலாகவும் காதில் ஊளையாகவும் நாம் செலுத்துகிறோம்.

அடுத்த கேள்வி, எதைப் பற்றி நிற்பது? ஜிம்னியின் கூரையோரம் பழைய ஜீப்புகளைப் போல மழைநீர் வடியும் விளிம்பு ஓடுகிறது. அதைக் கவ்விப் பிடிக்கும் கால்கள் இருந்தால் கூரையைத் துளைக்க வேண்டியதில்லை. துளைத்த இடத்தில் நீர் இறங்கும், துரு பிடிக்கும். மழைக்குப் பேர்போன சின்னக்கல்லாறு உள்ள மலைக்குப் போகிறவர்கள் அதை நினைக்காமலிருக்க முடியாது. சட்டமும் நினைவில் இருந்தது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு வரையறை விதிக்கிறது. தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கூறியது. நிரந்தரமாகப் பற்றவைப்பதை ஒதுக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று அன்றாடம் சார்ந்தது. பெரியவரை வாரம் இருமுறை அழைத்துச் செல்லும் பிசியோதெரபி நிலையத்தின் அடித்தளத்தில் உயர வரம்பு 2 மீட்டர். வண்டியே 1.72 மீட்டர். மாட்டுவது தாழ்வாக இருக்கவேண்டும், வேண்டாதபோது கழலவும் வேண்டும்.

பொள்ளாச்சியில் ஒரு பட்டறைக்காரரிடமும் போனோம். எஸ்டேட் ஜீப்புகளுக்குக் கேரியர் அடித்தே தலை நரைத்தவர். நாங்கள் அளவு சொல்லத் தொடங்கியதும் கையமர்த்தினார். “கம்பியப் பத்தி அப்புறம் பேசலாங்க. மேல என்ன ஏத்தப் போறீங்க, அதச் சொல்லுங்க மொதல்ல.” சக்கர நாற்காலி என்றோம். அதை மேலே கட்டிவிட்டால் துணிப்பைகள் உள்ளே வந்துவிடும், மழையில் நனையா என்பது எங்கள் கணக்கு. “எத்தன கிலோ?” என்றார். பதினேழு. “கனத்தக் கீழ வைங்க, காத்து மாதிரி இருக்கறத மேல வைங்க. ஜீப்புல இருவது வருசமா அதான் சொல்லிட்டிருக்கேன்.” இரும்பு வேலை கிடைக்காது என்று தெரிந்தும் இதைச் சொன்னார்.

அன்றிரவு பெரியவரிடம் இரண்டு வழிகளையும் சொன்னோம். இயற்பியல் எதையும் அவரிடம் பேசவில்லை. சற்று நேரம் கழித்துத்தான் வாய் திறந்தார். பக்கவாதத்துக்குப் பின் அவர் சொற்கள் மெதுவாக வரும்.

“நாற்காலி மேல வேண்டாம். தோட்டத்துக்குள்ள நுழையறப்ப அதுதான் முதல்ல தெரியும்.”

அதற்குமேல் ஆலோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. நாற்காலி பின்னிருக்கைக்குப் பின்னே, தாழ்வாக, பெல்ட்டால் இறுக்கப்பட்டு நின்றது. கூரைக்கு, நீர் விளிம்பைக் கவ்வும் கால்களில் இரண்டு குறுக்குக் கம்பிகளும் அவற்றின்மேல் ஒரு மெல்லிய அலுமினியத் தட்டும் வாங்கினோம். மொத்தம் 12 கிலோ. அதன்மேல் இரண்டு துணிப்பைகளும் போர்வைக் கட்டும் சேர்த்து 16 கிலோ, சுற்றிலும் தார்ப்பாய். நைலான் கயிறு நனைந்தால் நீளும் என்பதால் ராட்செட் பெல்ட். முதல் ஐம்பது கிலோமீட்டரில் வண்டியை நிறுத்தி எல்லாத் திருகுகளையும் மறுபடி முடுக்கினோம். இரண்டு அரைச் சுற்று ஏற்றது.

மலையில் மழை இருந்தது. கல்பாதையில் வண்டி இடப்புறம் சரிந்து ஊர்ந்தபோது, மேலே பதினேழு கிலோ இரும்பு இல்லை என்பதை இருவருமே சொல்லாமல் உணர்ந்தோம். தொழிற்சாலை வாசலில் காத்திருந்த நான்கைந்து பழைய சகாக்கள் ஜன்னலுக்கு வந்து பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் கூரையை அண்ணாந்து பார்த்து, “என்ன சார், ஒரு மாசம் தங்கற மாதிரி மூட்ட முடிச்சோட வந்திருக்கீங்க” என்றார். பெரியவர் சிரித்தார். கால் மணி நேரம் அப்படியே வண்டியில் இருந்தபடி பேசினார். இலை வரத்து, புது ரோலர், யார் இருக்கிறார்கள், யார் இல்லை. பிறகு எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். அப்போதுதான் பின்கதவைத் திறந்து நாற்காலியை இறக்கினோம்.