இழைவழி வந்த ழகரம்

பாலாநகரில் பகல் முழுதும் கடைசல் பட்டறைகளின் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். 1960களில் மருந்தாலையும் வானூர்தித் தொழிற்கூடமும் இப்பகுதிக்கு வந்த பின்னர்ப் பெருகிய பட்டறைகள் அவை. அவ்வோசைக்கு நடுவே ஞாயிறுதோறும் என் மகளுக்கு அவள் பாட்டி தமிழ் கற்பிக்க வேண்டும் என்பது எங்கள் இல்லத்துத் திட்டம்.

அம்மா இருப்பது திருவிடைமருதூரில். கைப்பேசித் திரையில் சிலேட்டைக் காட்டி எழுத்துச் சொல்லித் தருவார். எங்கள் வீடோ தரைத்தளத்தின் உட்புறம். கைப்பேசி அலை தயங்கித் தயங்கியே நுழையும். சிலேட்டு அப்படியே உறைந்து நிற்கும். குரல் துண்டு துண்டாக வரும். அங்கே 'மழை' என்றது இங்கே 'மலை'யாகவோ 'மளை'யாகவோ வந்து விழும். இன்றைய தெலுங்கில் ழகரம் இல்லை. தெருவில் கேட்க இயலாத ஒலி பாட்டியின் வாயிலிருந்தும் வராவிட்டால் வேறு எங்கிருந்து வரும்? "நீங்களே சொல்லித் தரலாமே" என்றாள் மனைவி. என் நாவும் இத்தனை ஆண்டுகளில் தேய்ந்துவிட்டதை எவ்வாறு ஒப்புக்கொள்வது? அகலக்கற்றை இணைப்புக்கு விண்ணப்பித்தேன்.

1995 ஆகஸ்டு 15இல் நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டபோது, அது தொலைபேசிக் கம்பியில் முனகிக்கொண்டு வந்தது. இப்போது தலைமயிரளவே உள்ள கண்ணாடி இழையில் ஒளியாக வருகிறது. தெலுங்கு இளைஞர் ஒருவர் வந்து இழையை இணைத்து, பெட்டியைப் பொருத்தி, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டு, பச்சை விளக்கைக் காட்டிச் சென்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். தொங்கிய வடம் கண்ணை உறுத்தவே, அதை மடக்கி இரும்பு அலமாரியின் பின்னே செருகினேன். உடனே சிவப்பு விளக்கு எரிந்தது.

மறுநாள் வந்தவர் சிரித்தார். "இதற்குள் ஓடுவது கரண்டு இல்லை சார், வெளிச்சம். இப்படி மடக்கினால் வெளியே கசிந்துவிடும்" என்று தெலுங்கில் சொல்லி, வடத்தை அகன்ற வளையமாகச் சுற்றினார். ரூட்டரையும் அலமாரியை விட்டு விலக்கிக் கூடத்துச் சுவரில் உயரே அமர்த்தினார். ரூட்டருக்கு அலைவரிசை இரண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் விரைவானது. ஆயினும் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 சற்று மெதுவாயினும் சுவரைக் கடந்து செல்லும். மகள் படிக்கும் பின்னறைக்கு அதுவே உற்றது.

வலைக்குப் பெயர் சூட்டும் உரிமை மகளுக்கு. பாட்டியின் ஊர்ப்பெயரைத் தமிழிலேயே இட்டாள். ரூட்டர் ஏற்கவில்லை. அப்பெயருக்கு உள்ள இடம் 32 பைட்டுகளே; தமிழில் ஒவ்வொரு எழுத்தும், அதன் கொம்பும் சுழியும் புள்ளியும் தனித்தனியே 3 பைட்டு கொள்ளும். திருவிடைமருதூருக்கு 45 வேண்டும். 'மருதூர்' என்றால் 21இல் அடங்கிற்று.

அடுத்த ஞாயிறு படம் உறையவில்லை. மகள் 'வாளைப்பளம்' என்றாள். அம்மா விடவில்லை. "நாக்கை உள்ளே வளை, மேலே ஒட்டாதே" என்று ஏழெட்டு முறை சொல்ல வைத்தார். அருகில் நின்ற நானும் மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பாடம் முடிந்ததும் மகள் பெயர் சூட்டிய கதையைப் பெருமையுடன் கூறினாள். அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அது சரி, திருவிடையை எங்கேடா விட்டாய்?" என்றார், என்னைப் பார்த்து.