செஞ்சிக் குளங்களில் ஒலிக்கும் மழைவேதம்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து நிற்கிறது செஞ்சிக் கோட்டை. 1677-இல் சத்ரபதி சிவாஜியின் வசமான இக்கோட்டை, 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ராஜகிரியில் கமலக்கண்ணியம்மன் அருள்பாலிக்கிறாள். கீழ்க்கோட்டையில் வேங்கடரமணர் ஆலயம் விளங்குகிறது. பாற்கடல் கடைந்த காட்சியும் ராமாயணக் காட்சிகளும் அதன் கோபுர வாயிலை அணிசெய்கின்றன.

மதில் எவ்வளவு உயர்ந்தாலும் நீரின்றிக் கோட்டை நிலைக்காது. ஆதலால் குன்றின் சுனைகளைப் போற்றினர். அடிவாரத்தில் குளங்களை வெட்டினர். கல்யாண மகாலுக்கு மண்குழாய் வழியே நீர் கொணர்ந்தனர். செட்டிகுளமும் சக்கரகுளமும் இன்றும் ராஜகிரியின் அடிவாரத்தில் உள்ளன. அரசர்கள் போயினர்; ஆலயங்களின் அந்நாளைய விழாக்கோலமும் மறைந்தது. ஆயினும் ஐப்பசி மழை பொழிந்த இரவுகளில் இத்தகைய நீர்நிலைகளில் ஓர் ஓதல் மட்டும் ஓய்வதில்லை. அது தவளைகளின் குரல்.

அக்குரலை நம் முன்னோர் இகழ்ந்தாரில்லை. ரிக்வேதம் ஏழாம் மண்டலத்தின் 103-ஆம் சூக்தம் தவளைகளைப் பற்றியதே. ஓராண்டு நோன்பிருந்து மழை கண்டதும் வாய்திறக்கும் அவற்றை, வேதம் ஓதும் அந்தணர்க்கு ஒப்பிடுகிறது அது. மாண்டூக்ய உபநிடதத்தின் பெயரிலும் 'மண்டூகம்' என்னும் தவளையின் பெயர் ஒலிக்கிறது. துர்வாசரின் சாபத்தால் தவளையான முனிவருக்கு மோட்சம் அளிக்கவே, சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் தேனூர் மண்டபத்தில் எழுந்தருளுகிறார்.

நோன்பு என்பது வெறும் உவமையன்று. கோடையில் பல தவளைகள் ஈரமண்ணுள் புதைந்து, அசைவின்றி மழைக்காகக் காத்திருக்கின்றன. தவளை வாயால் நீர் பருகுவதில்லை. தோலாலேயே நீரை உறிஞ்சுகிறது. நுரையீரலோடு அத்தோலும் சுவாசத்திற்கு உதவுகிறது. தோல் உலர்ந்தால் உயிர் தங்காது. அதன் முட்டைக்கு ஓடில்லை; கூழ்போன்ற உறையே காப்பு. எனவே பெரும்பாலான தவளைகள் நீரிலேயே முட்டையிடுகின்றன. அதிலிருந்து வரும் தலைப்பிரட்டை மீனைப்போலச் செவுளால் சுவாசித்து, பாசியை உண்டு வளர்கிறது. பின்னர்க் கால்கள் முளைத்து, வால் சுருங்கி, கரையேறுகிறது. வளர்ந்த தவளை பூச்சிகளை உண்டு வயலைக் காக்கிறது.

நீரைத் தோலால் ஏற்கும் உயிர் நீரிலுள்ள நஞ்சையும் தோலாலேயே ஏற்கிறது. சவர்க்கார நுரையும் பூச்சிமருந்தும் கலந்த குளத்தில் தவளைக் குரல் அடங்கிவிடும். குளம் நிரம்பியிருந்தும் மழையிரவு ஊமையாகக் கழியுமாயின், தீர்த்தம் தன் தூய்மையை இழந்ததோ என்று ஐயுற வேண்டும். எண்ணெய்ப் புட்டியையும் கற்பூர உறையையும் வாடிய மாலையையும் நீரில் எறியாது திரும்புவதும் ஒரு வழிபாடே. பேரக்குழந்தையின் கையைப் பற்றிப் படியிறங்கும் முதியோர் அதைத் தாமே செய்துகாட்டினால், அக்குழந்தைக்கு வேறு பாடம் வேண்டியதில்லை.

செஞ்சிக்குச் செல்லும் அன்பர்கள் கமலக்கண்ணியம்மனை வணங்கியபின், மழைக்கால மாலையாயின் குளக்கரையில் சற்றே நிற்கலாம். இருள் சூழும் வேளையில் முதலில் ஒரு குரல் எழும். மறுகரையிலிருந்து மற்றொன்று விடைதரும். பின்னர்க் குளம் முழுவதும் ஓதத் தொடங்கும். மணியோசை குறைந்த கோட்டையில், நீர் உள்ளவரை நிகழும் சாயரட்சை அது.