ஈர்க்கிற் கற்ற பாடம்

நம் இந்துக் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய என்னிடமிருந்து இலக்கிய ஆராய்ச்சி ஒன்றையே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். நானோ இரும்புக் குழாயைப் பற்றி எழுதத் துணிந்தேன். கல்லூரியில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பன் ஒருவனிடம், நாற்பது வயதைக் கடந்தபின், மாணாக்கனாய் நின்று நான் கற்ற பாடம் இது. அதனைக் கற்குமுன் என் சிக்கனத்தால் ஓர் உயிர் போயிருக்கக்கூடும் என்ற நினைவே இதை எழுதச் செய்தது.

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ஏறக்குறைய 30 கிலோமீற்றர் மலையேறினால் ரிவர்ஸ்டன் வரும். மூடிய கையின் விரல் முட்டிகளைப் போல் சிகரங்கள் நிரையாக நிற்பதனால் நக்கிள்ஸ் என்று பெயர்பெற்ற மலைத்தொடரில் உள்ள இடம் அது. இம்மலைக்காடு 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாக்கப்பட்டது. 2010இல், இலங்கையின் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ இதனை ஏற்றது. ரிவர்ஸ்டனைக் கடந்து பிட்டவல பத்தனைக்கும் இலுக்கும்புரைக்கும் இறங்கும் பாதை தார் இடப்பட்டதே. எனினும் ஒடுக்கமானது, வளைவுகள் நிறைந்தது. அதிலிருந்து பிரியும் தோட்டப் பாதைகளிலும் கிராமப் பாதைகளிலும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியன்றி வேறெதுவும் ஏறாது. மார்கழி, தை மாதங்களில் மழையும் மூடுபனியும் ஒருங்கே வந்தால், பத்தடிக்கு அப்பால் நிற்பது மரமா மனிதனா என்று தெரியாது.

இப்பாதைகளில் என் தமக்கையின் மகன் ஜீப் ஓட்டுகின்றான். மலை பார்க்க வருவோரை ஏற்றிச்செல்வதே அவனது தொழில். அவன் ஐந்து வயதுப் பாலகனாயிருந்தபோது, 2004ஆம் ஆண்டில், அவன் தந்தை தோட்டப் பாதையொன்றில் உழவு இயந்திரம் கவிழ்ந்து அதன்கீழ் அகப்பட்டு இறந்தார். அன்று முதல் என் தமக்கை, பேருந்தைத் தவிர வேறு எவ்வண்டியிலும் ஏறாதவளானாள். மகன் ஜீப் வாங்குவதற்கு லீசிங் எடுத்தபோது பிணை நின்றவன் நான். தமக்கை என்னை ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தாள். அந்தப் பார்வையே போதுமானதாயிருந்தது.

2023ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு காலை, சேற்றுப் பாதையொன்றில் வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது அது வழுக்கி, மெல்லச் சரிந்து, கானுக்குள் தலைகீழாய்ப் புரண்டது. பயணிகள் அப்பொழுது இறங்கி நின்றனர். மருமகன் புல்லில் எறியுண்டு தப்பினான். வண்டியோ மேற்கூரைக்குத் துணி போர்த்த பழைய லாண்ட் றோவர். அதன் முன்கண்ணாடிச் சட்டம் மடிந்து, சுக்கானோடு ஒட்டிக் கிடந்தது. அவன் எறியப்படாது உள்ளேயே இருந்திருப்பின் தலை எங்கிருந்திருக்கும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

என் நண்பன் மாத்தளையில் இரும்புப் பட்டறை நடத்துகின்றான். முன்னர் துபாயில், பாலைவன மணல்மேடுகளில் பயணிகளை ஏற்றிச்செல்லும் வண்டிகளைச் செப்பனிடும் கராஜ் ஒன்றிற் பல ஆண்டுகள் வேலைசெய்தவன். அவனிடம் ஓடினேன். “இதற்குள் றோல் கேஜ் ஒன்று கட்டவேண்டும்” என்றான் அவன். வண்டி உருண்டாலும் உள்ளிருப்போரின் இடம் நசுங்காதபடி காக்கும் இரும்புக் குழாய்க் கூடு அது. காப்புக் கூடு என்று நாம் சொல்லலாம். அதற்கென அவன் சொன்ன தொகையைக் கேட்டதும் என் மனம் சுருங்கிற்று. வீட்டுக் கூரையை மாற்றவென்று சேர்த்திருந்த பணம் முழுவதும் அதற்குப் போய்விடும். தமக்கையின் வீட்டுப் பின்புறத்தில், கிணற்று வேலையில் மிஞ்சிய ஒன்றரை அங்குல நீர்க்குழாய்கள் கிடந்தன. நண்பனிடம் ஒன்றும் சொல்லாமல் அவற்றை வேறொரு பட்டறைக்கு அனுப்பினேன். இரண்டு நாளிற் கூடு ஆயிற்று. கறுப்பு வர்ணமும் பூசினார்கள். பார்ப்பதற்கு யானை கட்டும் பந்தி போலிருந்தது. அங்கே பற்றவைத்த பையன் அன்றிரவு குளிரும் காய்ச்சலுமாய்க் கிடந்தான் என்பது பின்னரே தெரியவந்தது. குழாயிற் பூசிய துத்தநாகம் சூட்டில் வெண்புகையாகி நெஞ்சுக்குட் சென்றால் அவ்வாறு வருமாம்.

கூடு ஏறிய மறுவாரமே மருமகனின் ஓட்டம் மாறிற்று. முன்பு இறங்கி நடந்து பார்த்துவிட்டு ஏறும் மேட்டில், இப்போது பாராமலே ஏறினான். “கூடு இருக்குத்தானே, மாமா” என்றான். எனக்கும் பெருமையாகவே இருந்தது. வண்டியை நண்பனிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவன் ஒரு சாவியாற் குழாயைத் தட்டிப் பார்த்தான். மூட்டுகளைத் தடவினான். பிறகு, “இதைச் செய்யச் சொன்னது யார்?” என்றான்.

“நான்தான்.”

“மச்சான், இது கூடல்ல, பொறி. கழற்று” என்றான். நான் வாதாடினேன். நீர்க்குழாயின் சுவர் 3 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பானது. நீ சொன்ன குழாயோ இரண்டரைதானே என்றேன். அவன் சிரித்தான். “எழுத்தைத் தடிப்பாக எழுதினால் இலக்கணம் சரியாகிவிடுமா? தண்ணீரைக் கொண்டுபோவதற்குப் பிறந்த குழாய் இது. மனிதனைத் தாங்குவதற்கு அல்ல” என்றவன், மிஞ்சிய துண்டுகள் இரண்டை அதே முழங்கை மூட்டிற் பொருத்தினான். டகர எழுத்துப்போல் நின்ற அதனைப் பட்டறையில் இருந்த அழுத்தப் பொறியில் வைத்து மெல்ல அழுத்தினான். குழாய் வளையவில்லை, திருகுபுரி வெட்டப்பட்ட இடத்தில் ‘படார்’ என முறிந்தது. முறிந்த முனை கத்திபோலிருந்தது. புரி வெட்டும்போதே சுவரின் பெரும்பகுதி போய்விடுகின்றது என்பதை அப்போதுதான் கண்டேன். அந்த முனை மருமகனின் ஆசனத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்த மூட்டுக்கு நேரானது. என் கை நடுங்கியதை நண்பன் கண்டும் காணாதவன்போல் இருந்தான்.

அன்றே பழைய கூட்டை அறுத்தெறிந்தோம். பிறகு பாடம் தொடங்கிற்று.

முதலில் அவன் தென்னோலையில் நான்கு ஈர்க்குகளை எடுத்து, முனைகளைக் குண்டூசியாற் கோத்துச் சதுரமாக்கித் தந்தான். “தள்ளு” என்றான். தள்ளினேன், சதுரம் சாய்ந்து படுத்தது. ஐந்தாவது ஈர்க்கை மூலைக்கு மூலை குறுக்கே குத்தினான். இப்போது எவ்வளவு தள்ளியும் அது அசையவில்லை. “சதுரம் சாயும், முக்கோணம் சாயாது. காப்புக் கூட்டின் வித்தை முழுவதும் இவ்வளவுதான்” என்றான். முதற்கூட்டில் ஒரு குறுக்குக் கம்பியேனும் இல்லை.

அடுத்தது இரும்பின் குணம். பந்தய வண்டிகளுக்கு விதி வகுக்கும் எஃப்.ஐ.ஏ. என்னும் உலகச் சம்மேளனத்தின் விதிநூலில் 253ஆம் பிரிவில் இக்கூட்டைப் பற்றிய விதிகள் உள்ளன. பொருத்தற் கோடில்லாத, குளிர்நிலையில் இழுத்த கரியுருக்குக் குழாய் வேண்டும். பிரதான வளைவு 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 மில்லிமீற்றர் தடிப்பும், அன்றேல் 50க்கு 2 என்ற அளவும் உடையதாதல் வேண்டும். இழுக்கும்போது உருக்கு அறும் எல்லை, சதுர மில்லிமீற்றருக்கு 350 நியூற்றனுக்குக் குறையலாகாது. சாதாரண நீர்க்குழாய் உருக்குக்குக் கேட்கப்படும் அளவு 320 மாத்திரமே. தடிப்பைக் கண்டு மயங்கியவன் குணத்தைக் கேட்கவில்லை என்பதை இவ்விரு எண்களும் எனக்கு உணர்த்தின.

வளைப்பதிலும் முறையுண்டு. குழாயைச் சூடாக்காமல் வளைக்கவேண்டும். வளைவின் ஆரை குழாய் விட்டத்தின் மூன்று மடங்குக்குக் குறையலாகாது. ஆகவே 45 மில்லிமீற்றர்க் குழாய்க்கு அது 135. அதற்குக் குறைந்தால் உட்பக்கம் மடிந்து சுருங்கும். சுருங்கிய இடமே முதலில் ஒடியும். ஒவ்வொரு குழாய் முனையையும் அடுத்த குழாயின் முதுகில் இடைவெளியின்றிப் படியுமாறு பிறைவடிவில் அராவி, சுற்றிவரப் பற்றவைத்தான். பற்றவைக்குமுன் மின்கலத்தைக் கழற்றினான். இவ்வண்டியில் ஆசனத்தின் கீழுள்ள எரிபொருள் தாங்கியையும் வெளியே எடுத்தான்.

எல்லாவற்றினும் மேலாய் எனக்குப் பட்டது கூட்டின் கால்களைப் பற்றி அவன் சொன்னதே. லாண்ட் றோவர் 1948இல் அறிமுகமானபோது, போருக்குப் பின் உருக்குக்கு இருந்த தட்டுப்பாட்டினால், அதன் உடலை அலுமினியக் கலவைத் தகட்டாற் செய்தார்கள். அடிச்சட்டம் உருக்கு. கூட்டின் கால்களை அலுமினியத் தளத்தில் ஊன்றினால், வண்டி கவிழும்போது அவை தகட்டைக் குத்திக்கொண்டு கீழே இறங்கிவிடும். கூடு உறுதியாயிருந்தும் உள்ளிருப்பவன் நசுங்குவான். முதற்கூடு நின்றது அத்தகட்டின் மேலேதான். உருக்கு உடலுள்ள வண்டிகளுக்குங்கூட, பிரதான வளைவின் ஒவ்வொரு காலின் கீழும் 3 மில்லிமீற்றர் தடிப்பும் 120 சதுர சென்ரிமீற்றர்ப் பரப்பும் உள்ள தகடு வைத்து, மூன்று மரையாணிகளுக்குக் குறையாமல் முடுக்கவேண்டும் என்பது விதி. நண்பனோ அடிச்சட்டம் முழுவதையும் சுத்தியலாற் தட்டி, துருப்பிடித்த இடங்களை வெட்டி மாற்றியபின், கால்களைத் தளத்தினூடே இறக்கி அடிச்சட்டத்தின் கைகளிலேயே பொருத்தினான்.

இத்துடன் வேலை முடிந்ததென்று எண்ணினேன். “இனித்தான் முக்கியமானது” என்றான் அவன். “கூடு ஆளைப் பிடித்து வைக்காது, பட்டிதான் பிடித்து வைக்கும். பட்டி இல்லாதவன் வெளியே எறியப்படுவான். பிறகு கூடே அவன்மேல் விழும்.” ஆகவே பின்புறத்தில் எதிரெதிராக இருந்த நீள்வாங்குகளைக் கழற்றி, முன்நோக்கிய ஆசனங்களையும் புதிய பட்டிகளையும் பொருத்தவேண்டும், அவர்கள் தலைக்கு மேலும் ஒரு வளைவு வேண்டும், தலை படக்கூடிய குழாய்களுக்கெல்லாம் அடர்ந்த இறப்பர் உறை வேண்டும் என்றான். மருமகனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“பத்துப் பேர் ஏறுகிற வண்டியில் நாலு பேரை ஏற்றினால் லீசிங் எப்படிக் கட்டுவது, மாமா?”

நியாயமான கேள்விதான். அப்பொழுது நண்பன் சுவீடன் நாட்டைப் பற்றிச் சொன்னான். அங்கே 1959இல், புதிய உழவு இயந்திரங்களுக்கெல்லாம் காப்புச் சட்டம் இருக்கவேண்டுமென விதித்தார்கள். கவிழ்ந்து இறந்தோர் தொகை, ஓர் இலட்சம் இயந்திரங்களுக்கு 1957இல் ஆண்டொன்றுக்கு 17 ஆக இருந்தது, 1990இல் 0.3 ஆகக் குறைந்தது. மருமகன் தலையைக் குனிந்துகொண்டான். தந்தையின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. சிறிது நேரத்தில் அவனே சாவியை எடுத்து, நீள்வாங்கின் மரையாணிகளைக் கழற்றத் தொடங்கினான். லீசிங் தவணையில் ஒரு பங்கை அன்றுமுதல் நான் ஏற்றேன். வீட்டுக் கூரையில் இன்னும் இரண்டு இடங்களில் ஒழுக்கு உண்டு.

இதனைப் படித்துத் தாமும் கட்ட முனைவோருக்குச் சில சொல்வேன். வண்டியின் அமைப்பை மாற்றுவோர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியை முன்னரே பெறவேண்டும். எங்கள் கூட்டுக்கு 25 மீற்றர்க் குழாய் சென்றது, மீற்றருக்கு 2.6 கிலோகிராம் வீதம் 65 கிலோகிராம் பாரம், பெரும்பாலும் வண்டியின் மேற்பாகத்தில் ஏறியுள்ளது. மேலே பாரம் ஏறினால் வண்டி எளிதிற் சாயும். ஆதலின் கூரையிற் பொதி ஏற்றுவதை அறவே விட்டோம். பந்தய ஓட்டி தலைக்கவசம் அணிவான், நாம் அணிவதில்லை. ஆதலின் குழாய் தலைக்கு எட்டாத் தூரத்தில் இருத்தல் நன்று. பாதுகாக்கப்பட்ட வனத்தினுள் பாதையை விட்டு வண்டியை இறக்குதல் கூடாது. கூடு கட்டியது காட்டை மிதிப்பதற்கன்று.

மாசி மாதத்தில் மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டி முதன்முறையாக ரிவர்ஸ்டனுக்குப் புறப்பட்டது. நண்பன் முன்னே அமர்ந்தான். நானும் பின்னே ஏறினேன். என் தமக்கை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒருவரும் அவளை அழைக்கவில்லை. அவள் உள்ளே போய்ச் சேலை மாற்றிவந்து, என் பக்கத்தில் ஏறி அமர்ந்தாள். மருமகன் இறங்கிவந்து, தாய்க்குப் பட்டியைத் தானே பூட்டினான்.

மேட்டுக்கு மேடு அவன் மெதுவாகவே ஏறினான். கெட்டதென்று தோன்றிய இடத்தில் முன்போல் இறங்கி நடந்து பார்த்தான். ரிவர்ஸ்டனில் மூடுபனி எங்களைச் சூழ்ந்துகொண்டது. காற்று வண்டியை உலுக்கிற்று. தமக்கை கையை உயர்த்தி, தலைக்கு மேலிருந்த குழாயைப் பற்றிக்கொண்டாள். நெடுநேரம் அதனை விடவில்லை. பிறகு, “தம்பி, அவருக்கும் இப்படியொன்று இருந்திருக்கலாமே” என்றாள்.

எங்களில் ஒருவரும் விடை சொல்லவில்லை. நண்பன் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கூட்டின் வலிமை இன்றுவரை சோதிக்கப்படவில்லை. என்றும் சோதிக்கப்படாதிருக்கவே இறைவனை வேண்டுகின்றேன். கல்லூரிப் பரிசுப் பட்டியல்களில் என் பெயர் உண்டு, நண்பனின் பெயர் இல்லை. ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கிய நான், ‘நான்தான் செய்யச் சொன்னேன்’ என்று ஒப்புக்கொண்ட பின்னரே கற்கத் தொடங்கினேன். என் வகுப்பறை மேசை இழுப்பறையில் ஐந்து ஈர்க்குகளும் நான்கு குண்டூசிகளும் கிடக்கின்றன. பிள்ளைகள் கேட்டால் எடுத்துக் காட்டுவேன்.