கூற்றும் மறுமொழியும்

புளூஸ், ஜாஸ் என்னும் இரு சொற்களையும் நம்மவர் பெரும்பாலும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றனர். இரண்டும் அமெரிக்கக் கறுப்பின மக்கள் படைத்த இசையே, ஆயினும் ஒன்றல்ல. புளூஸ் வித்து, ஜாஸ் மரம் என்பாரும் உண்டு. பல்லாண்டுகளாக இவ்விசையைக் கேட்டுவரும் எனக்கு அவ்வுவமை உடன்பாடன்று. மரம் எழும்போது வித்து மறைந்துவிடும். புளூஸோ இன்றும் தன் உருவிலேயே வாழ்கிறது.

அமெரிக்காவில் அடிமைமுறை 1865இல் சட்டப்படி ஒழிந்தது. அதன்பின்னரும் மிசிசிப்பி முதலிய தென் மாநிலங்களில், விடுதலை பெற்றோர் பிறர் நிலத்தை வாரத்திற்கு உழுது கடனில் உழன்றனர். அவர்தம் வயற்பாட்டிலும் வழிபாட்டுப் பாடலிலும் கிளைத்ததே புளூஸ். ஒரு குரலும் ஒரு கிதாரும் அதற்குப் போதும். பாடுபவர் ஓரடியைச் சொல்வார். அதனையே மீண்டும் சொல்வார். மூன்றாம் அடியில் கருத்தை முடிப்பார். நந்நான்கு எண்ணிக்கை கொண்ட 12 பகுதிகளுக்குள் இஃது அடங்குவது பெருவழக்கு. காந்தாரமும் நிஷாதமும் தம் நிலையினின்று சற்றே தாழ்ந்து குழையும். அங்கே சொல்லுக்கே தலைமை. துயரத்தோடு எள்ளலும் உண்டு.

ஜாஸ் பிறந்தது நியூ ஆர்லியன்ஸ் துறைமுக நகரில். ஊர்வலங்களில் முழங்கிய பித்தளை வாத்தியங்கள், நடன அரங்குகள், ராக்டைம் என்னும் பியானோ இசை, புளூஸ் யாவும் அங்கே கலந்தன. பாட்டு இன்றியும் ஜாஸ் நடைபெறும். பலர் கூடி வாசிப்பர். எடுத்துக்கொண்ட மெட்டின் அடிப்படையைப் பற்றிக்கொண்டு, அவரவர் முறை வரும்போது புதிதாகக் கற்பனை செய்வர். கல்பனாஸ்வரம் கேட்டுப் பழகிய செவிக்கு இவ்வின்பம் முற்றிலும் புதிதன்று.

இவ்வேறுபாட்டை ஒரே இசைத்தட்டில் கேட்டுணரலாம். டபிள்யூ.சி. ஹேண்டி 1914இல் வெளியிட்ட ‘செயின்ட் லூயிஸ் புளூஸ்’ பாடலை 1925இல் பெஸ்ஸி ஸ்மித் பாடிப் பதிவு செய்தார். லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட் ஊதினார். துணைக்கு இருந்தது, நாம் நன்கறிந்த ஆர்மோனியம்! அம்மையார் ஓரடியைப் பாடி நிறுத்துவார்; அவ்விடைவெளியில் கார்னெட் மறுமொழி கூறும். அக்குரல் தன் நெஞ்சத்தைச் சொல்லுகிறது, அது புளூஸ். கேட்டதை வாங்கித் தன் கற்பனையால் விரித்து விடையிறுக்கிறது கார்னெட், அது ஜாஸ்.

இவற்றுள் ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்பதற்கு இடமில்லை. புதுமைக்குப் பெயர்பெற்ற சார்லி பார்க்கர் 1945இல் பதிவு செய்த ‘நௌஸ் தி டைம்’ அதே 12 பகுதிக் கட்டமைப்பில் அமைந்தது.

தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே சென்றோர் இலட்சக்கணக்கானோர். ஆம்ஸ்ட்ராங் 1922இல் சிகாகோ சேர்ந்தார். மிசிசிப்பியின் மடி வாட்டர்ஸ் 1943இல் அங்கே சென்றார். நகரத்து இரைச்சலில் தம் இசை கேட்கும்பொருட்டு மின்கிதாரை ஏற்றாரேயன்றி, வாட்டர்ஸ் தம் ஊர்ப்பாட்டைக் கைவிடவில்லை. ஆம்ஸ்ட்ராங்கோ பலரோடு கலந்து புதியதொரு பேச்சை உருவாக்கினார்.

அவர்கள் பட்ட துயரோடு நம் வாழ்வை ஒப்பிடுதல் தகாது. எனினும், பிறந்த மண்ணை விட்டு வந்த நம் இல்லங்களிலும், பழையதைக் காப்பதா, புதியதோடு கலப்பதா என்னும் வழக்கு பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே எழுந்தவண்ணம் இருக்கிறது. அந்நகரில் இரண்டும் நிகழ்ந்தன. ஒன்று வாழ மற்றொன்று மாளவில்லை. தீர்ப்புக் கூறுமுன் பிள்ளைகளோடு அமர்ந்து அந்த 1925ஆம் ஆண்டுப் பதிவை ஒருமுறை கேளுங்கள், மூன்றே நிமிடம்தான்.